மேல்தட்டில் ஒரு பெட்டி

மூன்றாம் மாடிச் செவிலியர் மேசைமேல், கோப்புகளுக்கும் தொலைபேசிக்கும் நடுவே, மல்சூன் ஒரு கழிவுப்பெட்டியைத் தூக்கி வைத்து மூடியைத் திறந்து காட்டுகிறாள். இரத்தம் தோய்ந்த பஞ்சுகளின் மேல் ஆரஞ்சுத் தோல் ஒன்று கிடக்கிறது. ஒரே சுருளாக, அறுபடாமல், நிதானமாக உரித்த தோல்.

"யார் தின்னது?"

செவிலிகள் மூவரும் ஒரே சமயத்தில் கணினித் திரைக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் இளையவளான யேரிம் மட்டும், "நோயாளிங்க யாராச்சும் போட்டிருப்பாங்க, பெரியம்மா" என்று முணுமுணுக்கிறாள்.

"இந்த மாடியில பாதிப் பேரு மூக்குல குழாய் மாட்டிப் படுத்திருக்காங்க. குழாய் வழியாவா ஆரஞ்சு தின்னாங்க?"

"எடுத்துப் போட்டுடறேன், விடுங்க."

"எடுப்பியா? உள்ள போனது உள்ள போனதுதான். இந்தத் தோலுக்கும் இப்ப நோய் வந்தாச்சு. இனி இதுக்கு முத்திரை குத்தணும், எடை போடணும், குளிர்வண்டி ஏத்தி அடுத்த மாகாணம் வரைக்கும் அனுப்பி எரிக்கணும். நீ செத்தாக்கூட உனக்கு இவ்வளவு நடக்காது."

சொல்லிவிட்டுப் பெட்டியை மூடித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, மின்தூக்கியை நோக்கிப் போய்விடுகிறாள். மின்தூக்கிக்குள் ஏற்கெனவே ஆள் இருந்தால், அவர்கள் இறங்கிக்கொள்வார்கள். யாரும் சொல்வதில்லை, திடீரென்று எல்லாருக்கும் படியில் நடப்பதன் நன்மை நினைவுக்கு வரும். மல்சூனுக்கு இதில் வருத்தம் கிடையாது. "ராணி மாதிரி தனியாப் போறேன்" என்பாள்.

தென்கொரியாவின் சுன்சோன் நகரத்து ஓரத்தில், நெடுஞ்சாலை பிரிகிற இடத்தில் இருக்கிறது அந்த மருத்துவமனை. கீழ் இரண்டு மாடிகளில் எலும்புச் சிகிச்சை. மேலே எல்லாம் வீட்டுக்குத் திரும்பிப் போகப்போவதில்லை என்று தெரிந்த கிழவர்களும் கிழவிகளும். வெங்காய வயலிலும் சிப்பிக் கொட்டகையிலும் குந்தியே தேய்ந்த முழங்கால்கள் வாரம் இரண்டு நாள் அறுத்தெடுக்கப்பட்டு, உலோக மூட்டுகள் பொருத்தப்படுகின்றன. கிழவிகள் புது முழங்காலோடு ஊருக்குப் போகிறார்கள். பழையவை மல்சூனிடம் வருகின்றன. ஊரில் எந்தக் கிழவியின் கல்யாணத்துக்கும் அவள் போனதில்லை. ஆனால் முக்கால்வாசிப் பேரின் எலும்பை வழியனுப்பி வைத்திருக்கிறாள்.

முழுப்பெயர் தாக் மல்சூன். வயது அறுபத்தொன்று. குட்டையான உருவம், அகன்ற தோள், சுருட்டிவிட்ட முடி. முகத்தின் பாதியை எப்போதும் முகமூடி மறைத்திருக்க, அதற்குள்ளே தினமும் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வருகிறவள். ஒருமுறை யேரிம் கேட்டாள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று. "முகமூடி பார்க்குதுல்ல" என்றாள் மல்சூன்.

பின்வாசலை ஒட்டிய கழிவுக் கிடங்கு அவளுடைய ஆட்சிப் பகுதி. இந்தக் கட்டடத்திலேயே சுத்தமான அறை அதுதான் என்பது அவள் கட்சி. மறுத்துப் பேச யாரும் உள்ளே வருவதில்லை. தரையில் முகம் தெரியும். காலையும் மாலையும் குளோரின் தெளிக்கிறாள். அந்த நெடியில் வேறு எந்த வாசனையும் உயிரோடு இருக்க முடியாது. ஒரு பக்கம் ஊசிகளும் கத்திகளும் போட்ட பெட்டிகள், ஒரு பக்கம் பஞ்சும் குழாயும், தள்ளி ஒரு மூலையில் தொற்று நோயாளிகளின் சிவப்பு முத்திரைப் பெட்டிகள். சுவரோரம் உடற்பகுதிகளுக்கான குளிர்பெட்டி. அதற்கு மட்டும் பூட்டு உண்டு. சாவி அவள் கழுத்தில்.

பிளாஸ்டிக் பெட்டிகளின் மூடிக்கு இரண்டு நிலை. லேசாக வைத்தால் மறுபடி திறக்கலாம். வேலை நடக்கும் வரை அப்படித்தான் வைத்திருப்பார்கள். நான்கு மூலையிலும் அழுத்திவிட்டால், அவ்வளவுதான். பிறகு கோடரியால்தான் திறக்க வேண்டும். புதிதாக வருகிற செவிலிகள் அவசரத்தில் அழுத்திவிட்டு, உள்ளே விழுந்த பேனாவுக்காகவும் கைக்கடிகாரத்துக்காகவும் அவளிடம் கெஞ்சி வருவார்கள். ஒரு தடவை ஒரு மருத்துவரின் கல்யாண மோதிரம், உருவிய கையுறையோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. அவர் கிடங்கு வாசலில் நின்று மன்றாடினார். மல்சூன் அசையவில்லை. "வேற மோதிரம் வாங்கிக்கலாம் டாக்டர். ஊசி குத்தி மஞ்சக்காமாலை வந்தா வேற ஈரல் வாங்க முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த மோதிரம் எரிந்தது. கல்யாணம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று கேள்வி.

இப்படிப்பட்டவள்தான், அந்தக் குளிர்பெட்டியின் மேல்தட்டில், முழங்கால் எலும்புகளுக்கு மேலே, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் தன் கிம்ச்சியை, முட்டைக்கோஸ் ஊறுகாயை, வைத்திருந்தாள்.

அவளைக் கேட்டால் இதில் ஒரு முரணும் இல்லை. "குப்பைக்குள்ள சாப்பாடு போகக்கூடாது. சாப்பாட்டுக்குள்ள குப்பை போகக்கூடாது. ரெண்டும் போகல. டப்பா புதுசு, முத்திரை பிரிக்காதது. கீழ இருக்கறது கீழ இருக்கு, மேல இருக்கறது மேல இருக்கு. உங்க வீட்டு ஐஸ்பெட்டியத் தெறந்து காட்டு, எது சுத்தம்னு பாப்போம்." இதைக் கேட்டவர் தலைமைச் செவிலி பாங் மட்டும்தான். அவளும் ஒருமுறைதான் கேட்டாள். பிறகெல்லாம், "அக்கா, வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க. நான் பாத்ததா இருக்க வேணாம்" என்று இரண்டு மாதத்துக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டிருப்பாள், காலண்டர் தாளைக் கிழிப்பது மாதிரி.

வீடு என்று சொல்லத்தக்கது மல்சூனுக்கு இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கட்டில் போட்டால் நிற்க இடமில்லாத ஒற்றை விடுதி அறை. அங்கே குளிர்பெட்டி பொது. ஒருவர் வைத்ததை இன்னொருவர் தின்பது அங்கே திருட்டாகக்கூடக் கருதப்படுவதில்லை. அந்தக் கிம்ச்சியை அங்கே வைத்திருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்காது.

அது அவள் அக்கா கும்சூன் போட்டு அனுப்பியது.

அக்கா கோஹங் கடற்கரையில் சிப்பி உடைக்கிறவள். அக்காளும் தங்கையும் பேச்சை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு நினைவு தப்பிப் போனபோது, வைத்துப் பார்க்க முடியாமல், மல்சூன் இதே மருத்துவமனையின் ஐந்தாம் மாடியில் கொண்டுவந்து சேர்த்தாள். அப்போது அவள் இங்கே சலவைப் பிரிவில் இருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேலே ஓடிப்போய் அம்மாவுக்கு ஊட்டிவிட்டு வரலாம் என்று ஒரு கணக்கு. கும்சூன் வந்து பார்த்தாள். வார்டு வாசலில், எல்லாரும் கேட்க, "பெத்தவளக் குப்பையில கொண்டாந்து போட்டுட்டியேடி" என்றாள். சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினவள், அம்மா செத்த அன்றுதான் மறுபடி வந்தாள். இரண்டு பேரும் பிணத்தின் இரண்டு பக்கம் நின்றார்கள். இரண்டு பக்கமாகப் போனார்கள்.

அடுத்த வருஷம் கழிவுக் கிடங்குக்கு ஆள் கேட்டபோது ஒருவரும் முன்வரவில்லை. மல்சூன் கையைத் தூக்கினாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "அங்க ஈரத்துணி துவைக்க வேணாம், கை வெடிக்காது" என்றாள்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில், பேருந்துச் சரக்கில் ஒரு பீப்பாய் வந்தது. கடிதம் இல்லை, பெயர்கூட இல்லை. மூடியைத் திறந்ததும் மல்சூனுக்குத் தெரிந்துவிட்டது. நெத்திலிச் சாறும் சிப்பியும் போட்டு, உப்பைக் கையால் அள்ளிக் கொட்டின கோஹங் கிம்ச்சி. ஒரு இலை கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, "இன்னமும் உப்பு. இவளுக்குப் போடத்தான் தெரியும், அளவு தெரியாது" என்று பீப்பாயைப் பார்த்துத் திட்டினாள்.

தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அந்தப் பக்கத்தில் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். தீர்ந்ததும், பீப்பாயைக் கழுவி, உள்ளே ஏதாவது நல்லதாக வைத்து, தானே எடுத்துக்கொண்டு போவதாக இருந்தாள். என்ன வைப்பது என்பதில் குளிர்காலம் போய்விட்டது. காய்ந்த பேரிக்காயா, அக்காவுக்குப் பிடித்த எள் மிட்டாயா. வசந்தத்தில் மருத்துவமனைக்குள் தொற்றுக் காய்ச்சல் புகுந்து, வாசலைப் பூட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே தூங்கினார்கள். சிவப்பு முத்திரைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்த அந்த நாட்களில்தான், கும்சூன் சிப்பிக் கொட்டகையில் கத்தியும் கையுமாகச் சாய்ந்துபோனாள். மூளைக்குப் போகிற இரத்தம் அடைத்துக்கொண்டது என்று அக்கா மகன் போனில் சொன்னான். வர முடியாது என்று மல்சூன் சொன்னாள். "தெரியும் சித்தி, டிவியில காட்டறாங்க" என்றான் அவன். அவன் குரலில் கோபம் இல்லாததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பீப்பாயில் பிறகு விரிசல் விழுந்துவிட்டது. கிம்ச்சியைப் புதுக் கழிவுப்பெட்டி ஒன்றுக்கு மாற்றினாள். மூடியை ஒருபோதும் அழுத்தினதில்லை. லேசாக வைத்து மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவிடுவாள். வெள்ளிக்கிழமை ஒரு இலை, மதியச் சாப்பாட்டுக்கு. அதற்கு மேல் எடுக்கமாட்டாள். பழசாகப் பழசாகத்தான் அதற்கு ருசி, அவசரம் ஒன்றும் இல்லை என்பாள் பாங்கிடம். இந்தக் கணக்கில் போனால் அவள் ஓய்வு பெறுகிற வரைக்கும் வரும்.

சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் சொனூ வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல். ஐம்பது வயது, ஒடிசலான, எதையும் மன்னிப்புக் கேட்கிற தொனியிலேயே கேட்கிற மனிதர். கொடுத்த காபியைக்கூடத் தொடவில்லை. சட்டம் இடம் தராது என்று கும்பிட்டு மறுத்தார். முகமூடியைச் சரிசெய்துகொண்டு கிடங்குக்குள் வந்தவர், தரையைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கி, காலணியைக் கழற்றலாமா என்று கேட்டார். மல்சூனுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அது அவளுடைய துரதிர்ஷ்டம்.

"குளிர்பெட்டியத் தெறக்கலாமா?"

பாங் கூடவே நின்றாள். மல்சூன் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றினாள். சொனூ குனிந்து வெப்பமானியைப் பார்த்தார். கீழ்த்தட்டுப் பெட்டிகளில் எழுதியிருந்த தேதிகளைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"மேல இருக்கறதுல ஒண்ணுமே எழுதலியே. காலிப் பெட்டியா?"

கவிழ்த்திருந்த தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை.

மல்சூனுக்கு எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. கழிவுக் கிடங்கில் உணவுப்பொருள் என்றால் மருத்துவமனைக்குத் தண்டனை. அவளுக்கு அன்றே கணக்கு முடியும். பொறுப்பில் இருக்கிற பாங்கும் தப்பமாட்டாள். கழிவு என்று சொன்னால், தேதி எழுத மறந்த ஒரு சின்னக் குற்றம், வாயால் ஒரு எச்சரிக்கை. ஆனால் கழிவு என்று சொன்ன பொருள் கழிவாகவே போயாக வேண்டும். கழிவு ஏற்றும் குளிர்வண்டி பின்வாசலில் வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் மா பெட்டிகளை ஏற்ற ஆரம்பித்திருந்தார்.

"கால், சார்" என்றாள் மல்சூன்.

பாங் கையிலிருந்த கோப்புக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சொனூ விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். ஓரடி பின்னால் வந்து, இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்துத் தலைகுனிந்து நின்றார். அந்தக் கிம்ச்சிக்கு அதுவரை யாரும் செய்யாத மரியாதை.

"சர்க்கரையா?"

"ரத்தம் அடைச்சிக்கிச்சு சார்."

"ஆள் எப்படி இருக்காங்க?"

"போயிட்டாங்க."

"அடடா. வயசானவங்களா?"

"அறுபத்தேழு."

"அதெல்லாம் இப்ப ஒரு வயசா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சொந்தக்காரங்க கேக்கலியாம்மா? கேட்டா குடுக்கலாம், சட்டத்துல எடம் இருக்கு. உடம்போட சேத்து அடக்கம் பண்ணிக்கலாம். நெறைய பேருக்குத் தெரியறதில்ல."

"ஒரு தங்கச்சி உண்டு சார்."

"அவங்க கேக்கலியா?"

"அடக்கத்துக்கே வரல சார்."

சொனூ உச்சுக்கொட்டினார். "கூடப் பொறந்ததுங்கல்லாம் இப்ப அப்படித்தான் ஆயிப்போச்சு. குப்பையோட குப்பையா விட்டுட்டுப் போயிடறாங்க."

"ஆமா சார்" என்றாள் மல்சூன்.

தேதியை எழுதிவிடச் சொன்னார். அதை மட்டும் குறையாக எழுதப் போவதில்லை, மற்ற எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருக்கும்போது மனசு வரவில்லை என்றார். அவள் பெட்டியைக் கீழே இறக்கி, மஞ்சள் முத்திரையில் முந்தின நாள் தேதியை எழுதினாள். கணினிப் பதிவுக்கான பட்டையை ஒட்டினாள். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்ததால் மூடிக்கு வந்தாள். முதல் மூலை, இரண்டாவது, மூன்றாவது. நான்காவதற்குக் கை பலம் போதவில்லை. முழங்காலை வைத்து அழுத்த வேண்டியிருந்தது.

தராசு பதினொரு கிலோ காட்டியது. கருவியை அருகே கொண்டுபோனதும் பீப் என்றது. எங்கோ தலைநகரத்துக் கணினியில், கோஹங் கிம்ச்சி ஒரு மனிதக் காலாகப் பதிந்துகொண்டது.

மா வந்து தூக்கினார். உள்ளே தளும்பிற்று. அவருக்கு இந்த வேலையில் இருபது வருஷம். பெட்டியை லேசாக ஆட்டிப் பார்த்து, மல்சூனின் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, தண்ணியா ஆடுது?"

"ஆடும். சாய்க்காமக் கொண்டுபோ."

"எரிக்கத்தானே போறாங்க, சாஞ்சா என்ன?"

"சாய்க்காதன்னா சாய்க்காத."

"சரி சரி. வைரமா வச்சிருக்கீங்க உள்ள?" என்று சிரித்துக்கொண்டே மா அதை மற்றப் பெட்டிகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்தார். அதற்கு முட்டுக்கொடுக்க இரண்டு பக்கமும் ஊசிப்பெட்டிகளை நெருக்கினார். கதவு மூடியது. மல்சூன் குளோரின் தெளிப்பானை எடுத்துக்கொண்டு உள்ளே போய், குளிர்பெட்டியின் மேல்தட்டைத் துடைத்தாள். அங்கே அழுக்கு ஒன்றும் இல்லை.

மதியம் உணவுக்கூடத்தில், கைகழுவும் குழாயை ஒட்டிய கடைசி மேசையில் அவள் வழக்கம்போலத் தனியாக உட்கார்ந்தாள். அந்த மேசைக்கு யாரும் வருவதில்லை. இந்த ஊர் வழக்கம் தெரியாத சொனூ, சொந்தக் காசில் சீட்டு வாங்கித் தட்டை ஏந்திக்கொண்டு, நேரே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். இரண்டு மேசை தள்ளிப் பாங் இருந்தாள்.

அவர் உணவுக்கூடத்துக் கிம்ச்சியை ஒரு வாய் கடித்துவிட்டுத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். தொழிற்சாலையில் போட்டது, சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருக்கும். பிறகு மல்சூன் முன்னால் இருந்த எவர்சில்வர் கிண்ணத்தைப் பார்த்தார். காலையில் வந்ததும் அவள் எடுத்துவைத்திருந்த அன்றைய இலை.

"அது பழைய கிம்ச்சிதானே? நெறத்தப் பாத்தாலே தெரியுது. எத்தன வருஷம்?"

"ரெண்டு இருக்கும். உப்பு சார். உங்களுக்கு ஆகாது."

"எங்கம்மாவும் உப்பாத்தான் போடுவாங்க. ஒரு துணுக்கு எடுத்துக்கிட்டா லஞ்சத்துல வராதே?"

"வராது சார். துணுக்குல என்ன இருக்கு."

அவர் நுனியைக் கிள்ளி எடுத்து வாயில் போட்டார். மெல்ல மென்றார். கண்ணை மூடித் திறந்தார்.

"கடற்கரைப் பக்கம். சிப்பி போட்டிருக்கு. யார் போட்டது?"

"எங்கக்கா."

பாங் கையில் சூப்புக் கரண்டி பாதி வழியில் நின்றது.

"அக்காவுக்கு நல்ல கை. இன்னும் இருக்கா, வீட்டுல?"

"இல்ல சார். இதான் கடேசி."

"அப்ப நீங்க சாப்பிடுங்கம்மா. இத நான் தொட்டிருக்கவே கூடாது." அவர் கரண்டியில் அள்ளிய வெறும் சோற்றை வாய்க்குக் கொண்டுபோனார்.

மல்சூன் மேசைக்குக் குறுக்கே சாய்ந்து, இலையைக் கையாலேயே எடுத்து, இரண்டாக மடித்து, அவர் கரண்டியின் மேல், சோறு தெரியாதபடி வைத்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அதைச் சாப்பிட்டார். அவள் கிண்ணத்தைத் தன் சோற்றின்மேல் கவிழ்த்தாள். சிவப்புச் சாறு வழிந்து தீர்ந்தது. தீர்ந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. விளிம்பில் திரண்டு தொங்கிய ஒரு சொட்டு விழட்டும் என்று கவிழ்த்தபடியே பிடித்துக்கொண்டிருந்தாள்.